நாங்கள் கண்ட சிம்லா

புத்தகம் கற்றுத் தருவது ஒரு பங்கு என்றால், பயணம் கற்றுத் தருவது ஒன்பது பங்கு என்று எங்கள் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் காலைக் கூட்டத்தில் அடிக்கடி கூறுவார்கள். அந்த ஒன்பது பங்கில் ஒரு சிறு பகுதியையாவது பெறும் நல்வாய்ப்பு, சென்ற ஆண்டு அரையாண்டு விடுமுறையின்போது ஒன்பதாம் வகுப்பில் பயின்ற எங்களுக்குக் கிட்டியது. இமயமலைச் சாரலில் எழில் கொஞ்சும் சிம்லா நகரை நாங்கள் கண்டு வந்தோம். அங்கே கண்டதையும் கேட்டதையும் எங்கள் பள்ளித் தங்கைகளோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சுற்றுலா அறிவிப்பு வந்ததும் எங்கள் வீடுகளில் முதலில் எழுந்தது மகிழ்ச்சி அன்று, மறுப்புதான். "பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது? சுற்றிப் பார்க்கத் தேக்கடி இல்லையா, மேகமலை இல்லையா, கொடைக்கானல் இல்லையா?" என்று பெற்றோர் கேட்டனர். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை அவர்கள் புன்னகையுடன், "தேக்கடியிலும் கொடைக்கானலிலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. தண்ணீர் கல்லாகி, அதன்மேல் மனிதர் ஓடி விளையாடும் ஊரையும் நம் பிள்ளைகள் ஒருமுறை பார்க்கட்டுமே!" என்று பதிலளித்தார்கள். அந்த ஒரு சொல்லில் பல தந்தையரின் மனம் இளகியது. முடிவில் மாணவியர் முப்பத்திரண்டு பேர், சிஸ்டர்கள் இருவர், ஆசிரியைகள் இருவர் என முப்பத்தாறு பேர் கொண்ட குழு உருவாயிற்று.

எங்களுள் கூடலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் தோழி ஒருத்தி உண்டு. அவள் தந்தை சிறிய அளவில் திராட்சைப் பந்தல் போட்டிருப்பவர். "பாதிப் பணம் இப்போது கட்டுகிறேன், சிஸ்டர். தை பிறக்கும் முன்பே பழம் வெட்டிவிடுவோம். அன்றைக்கே மீதியைக் கட்டிவிடுகிறேன்" என்று அவர் கூறியபோது நாங்களும் அருகில் நின்றிருந்தோம். இதை அவளது சம்மதம் பெற்றே எழுதுகிறோம். ஏனெனில் எங்கள் சிம்லாப் பயணத்தின் கதையில் அந்தப் பந்தலுக்கும் இடமுண்டு.

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா முடிந்த மறுநாள், டிசம்பர் 26 அன்று விடியற்காலையில் உத்தமபாளையத்திலிருந்து புறப்பட்டோம். கம்பளிச் சட்டைகளும், புளியோதரைப் பொட்டலங்களும், இட்லிப் பொடி டப்பாக்களும் எங்களோடு வந்தன. மதுரையில் இரயில் ஏறி, இரண்டு இரவுகளை இரயிலிலேயே கழித்துத் தில்லி சேர்ந்தோம். அன்றிரவே மற்றோர் இரயிலில் ஏறி, 29-ஆம் நாள் காலையில் மலையடிவாரமான கால்காவில் இறங்கினோம். எங்கள் பற்கள் தாளம் போடத் தொடங்கிய இடம் அதுதான்.

கால்காவிலிருந்து சிம்லாவுக்குச் செல்லும் இரயிலைக் கண்டதும் எங்களுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பொம்மைக் கடையிலிருந்து எடுத்து வந்தது போல் அவ்வளவு சிறியது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம். ஆயினும் அதன் ஆற்றல் பெரிது. கால்கா கடல்மட்டத்திலிருந்து 656 மீட்டர் உயரத்தில் உள்ளது; சிம்லா நிலையமோ 2,076 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறக்குறைய 96 கிலோமீட்டர் தொலைவை 102 குகைப் பாதைகள் வழியாகவும் 800-க்கும் மேற்பட்ட பாலங்கள் வழியாகவும் அது ஏறிச் செல்கிறது. 1903-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதை, நம் நீலகிரி மலை இரயிலைப் போலவே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்று; 2008-ஆம் ஆண்டு அந்தச் சிறப்பைப் பெற்றது. ஒவ்வொரு குகை வந்தபோதும் நாங்கள் 'ஓ' என்று கூச்சலிட்டோம். பத்தாவது குகையோடு சிஸ்டர் அதற்குத் தடை விதித்தார்கள்.

குகைகளில் மிக நீளமானது பரோக் குகை, 1,143 மீட்டர். அதைப் பற்றி வழக்கில் உள்ள ஒரு கதையை ஆசிரியை கூறினார்கள். பரோக் என்ற பொறியாளர் மலையை இரு புறமிருந்தும் குடையச் செய்தாராம். இரு பக்கமும் நடுவில் சந்திக்கவில்லை. அரசு அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் விதித்தது. அந்த அவமானம் தாங்காமல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று சொல்கிறார்கள். பின்னர் புதிய குகை தோண்டும்போது சரியான இடத்தைக் காட்டி உதவியவர் பல்கு என்னும் அவ்வூர் மனிதர் என்றும் சொல்லப்படுகிறது. சிம்லாவில் உள்ள இரயில் அருங்காட்சியகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த மலையை நாள்தோறும் பார்த்துப் பழகியவர் அவர். இந்தச் செய்தி எங்கள் உள்ளத்தில் பதிந்தது.

பிற்பகலில் சிம்லாவை அடைந்தோம். எங்கள் பெட்டிகளைக் 'கான்' என்று அழைக்கப்படும் காஷ்மீரத்துச் சுமை தூக்குவோர் முதுகில் கட்டிக்கொண்டு செங்குத்தான படிகளில் ஏறினர். வெறுங்கையோடு ஏறிய எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. அங்குள்ள பள்ளிகளுக்குக் குளிர்காலத்தில்தான் நீண்ட விடுமுறை. ஆகவே ஒரு கன்னியர் மடத்து மாணவியர் விடுதி காலியாக இருந்தது. அதில் எங்களுக்கு இடம் தந்து, சுடச்சுட இஞ்சித் தேநீரும் தந்து அன்புடன் வரவேற்றார்கள்.

சியாமளா தேவியின் பெயரே சிம்லா என மருவிற்று என்பர். 1864-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயர் இந்நகரைக் கோடைகாலத் தலைநகராக ஆக்கிக்கொண்டனர். வெயில் தொடங்கியதும் கோப்புகளோடு மலையேறுவர். குளிர் தொடங்கியதும் கோப்புகளோடு இறங்குவர். ஆட்சி இறங்கிச் சென்ற பிறகு ஊரில் எஞ்சியோர் கண்டெடுத்த விளையாட்டுதான் பனிக்கட்டிச் சறுக்கு. 1920-ஆம் ஆண்டில் பிளெசிங்டன் என்பவர், டென்னிஸ் ஆடுகளத்தில் தண்ணீர் உறைந்து கிடப்பதைக் கண்டு, அங்கே மேலும் தண்ணீர் ஊற்றி உறையவைத்து ஸ்கேட்டிங் களமாக்கினார் என்பது வரலாறு. உலகக் குளிர்கால ஒலிம்பிக் முதன்முதலில் பிரான்சு நாட்டின் ஷமோனி நகரில் நடந்தது 1924-ஆம் ஆண்டில்தான். அதற்கும் முன்பே நம் நாட்டு மலையூர் ஒன்றில் இவ்விளையாட்டு தொடங்கிவிட்டது என்று அறிந்தபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

அன்று மாலையே அக்களத்தைக் காணச் சென்றோம். மரச்சாமான்கள் விற்கும் லக்கர் பஜாருக்குக் கீழே, மலையின் நிழல் விழும் பள்ளத்தில் அது அமைந்துள்ளது. ஆனால் நாங்கள் கற்பனை செய்திருந்த பளிங்குத் தரை அங்கே இல்லை! ஈரத் தரைதான் இருந்தது. வயது முதிர்ந்த ஒருவர் நீண்ட குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பூவாளியில் தெளிப்பது போல் மெல்ல மெல்லத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வடநாட்டில் சில ஆண்டுகள் பணியாற்றிய சிஸ்டர் அவரிடம் இந்தியில் பேசி, எங்களுக்குத் தமிழில் சொன்னார்கள்.

அங்கே எந்திரம் வைத்துப் பனிக்கட்டி செய்வதில்லை. வானம்தான் செய்கிறது என்றார் அவர். முதலில் ஒரு மெல்லிய படலமாகத் தெளிக்க வேண்டும். அது உறைந்த பின்னர் அதன்மேல் இன்னொரு படலம். இப்படி இரவெல்லாம் அடுக்கடுக்காகத் தெளித்தால்தான் உறுதியான பனிக்கட்டி கிடைக்கும். அவசரப்பட்டு ஒரே தடவையில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டால், மேலே உறைந்து கீழே நீராக நிற்கும். கால் வைத்ததும் உடையும். சூரியன் மலை முகட்டைத் தாண்டி வரும் வரையில்தான் காலை ஆட்டம், பிறகு நிறுத்திவிடுவார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் அண்ணாந்து பார்த்தார். வானமெங்கும் மேகம். "இன்று இரவு நட்சத்திரம் தெரிந்தால் நாளைக் காலை பனிக்கட்டி உண்டு, மகளே. தெரியாவிட்டால் இல்லை" என்றார்.

எங்களுக்கு இது புதிராக இருந்தது. மேகம் இருந்தால்தானே குளிரும்? விடுதியில் இரவு உணவுக்குப் பின் அறிவியல் ஆசிரியை விளக்கினார்கள். பகலில் பூமி வாங்கிய வெப்பத்தை இரவில் வானத்தை நோக்கி விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளி போர்த்தியது போல் அந்த வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். தெளிந்த வானமாக இருந்தால் தடையின்றி வெப்பம் வெளியேறி, தரை உறைநிலைக்குக் கீழே செல்லும். "அப்படியானால் கொடைக்கானலும் ஏறக்குறைய இதே உயரம்தானே, அங்கே ஏன் இப்படி ஆடுவதில்லை?" என்று ஒருத்தி கேட்டாள். கொடைக்கானல் பூமத்திய ரேகையிலிருந்து 10 பாகை வடக்கிலும், சிம்லா 31 பாகை வடக்கிலும் உள்ளன என்பதை வரைபடத்தில் காட்டினார்கள். கொடைக்கானலில் மார்கழி, தை மாதங்களில் புல்மேல் உறைபனி படரும். வெயில் ஏறியதும் மறையும். நம் ஊரிலோ பனி என்றால் புல் நுனியில் நிற்கும் துளி மட்டுமே. ஒரே 'பனி' என்ற சொல்லுக்குள் இத்தனை படிகள் இருக்கின்றன என்று அன்று உணர்ந்தோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே எழுந்து, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினோம். களத்தின் வாயில் அடைத்திருந்தது. மேகம் கலையவில்லை, தண்ணீர் உறையவில்லை. காலணிகளைத் தோளில் மாலை போல் தொங்கவிட்ட உள்ளூர்ச் சிறுவர்கள் இருவர் எங்களைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பிச் சென்றனர். எங்களுக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு காலைப்பொழுதுதான். அடுத்த நாள் நண்பகலில் எங்கள் இரயில் புறப்பட்டுவிடும். சிலருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "வந்தது ஊரைப் பார்க்க, வாருங்கள், ஊர் எங்கும் ஓடிப் போய்விடவில்லை" என்று சிஸ்டர் அழைத்துச் சென்றார்கள்.

'ரிட்ஜ்' என்னும் மலைமுகட்டுத் திடலில் நின்றால் தொலைவில் வெள்ளிமலைகள் வரிசையாகத் தெரியுமாம். அன்று அவையும் மேகத்தில் மறைந்திருந்தன. 1857-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகளைக் கண்டு வியந்தோம். புனித மிக்கேல் பேராலயத்தில் சிறிது நேரம் செபித்தோம். அத்திடலின் அடியில் நகருக்குக் குடிநீர் வழங்கும் பெரிய நீர்த்தொட்டி இருக்கிறது என்று கேட்டபோது, நாங்கள் நடப்பது தண்ணீரின் மேல் என்று அறிந்து கால்களை மெல்ல வைத்தோம். அத்தகைய தொட்டி இருந்தும் 2018-ஆம் ஆண்டு கோடையில் சிம்லாவில் கடும் குடிநீர்ப் பஞ்சம் ஏற்பட்டது. மக்கள் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். குளிர்காலத்தில் மழையும் பனியும் குறைந்தால் கோடையில் ஊற்றுகளும் ஓடைகளும் வறண்டுவிடுகின்றன. முல்லைப் பெரியாற்றங்கரையில் வாழும் எங்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1895-ஆம் ஆண்டு பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து நீர் வருமா வராதா என்று பார்த்திருந்துதானே நம் பள்ளத்தாக்கு நெல் நடுகிறது!

பின்னர் 1888-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட வைசிராய் மாளிகையைக் கண்டோம். 1945-இல் சிம்லா மாநாடு நடந்தது இங்கேதான். நம் இராஜாஜியும் அதில் கலந்துகொண்டார். இன்று அது உயர் ஆய்வு நிறுவனமாக விளங்குகிறது. 1965-இல் அதைத் தொடங்கி வைத்தவர் திருத்தணியில் பிறந்த குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் ஆவார். ஆண்டவர்கள் அமர்ந்த அறைகளில் இன்று அறிஞர்கள் படிக்கிறார்கள் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிற்பகலில் குஃப்ரிக்குச் சென்றோம். சிம்லாவைவிட உயரமான அவ்விடம் ஒரு காலத்தில் பனிச்சரிவில் சறுக்கும் விளையாட்டுக்குப் பெயர் பெற்றிருந்தது. நாங்கள் சென்ற அன்று அங்கே ஒரு கைப்பிடி பனிகூட இல்லை. சேறும் குதிரைகளுமே இருந்தன. பனிக்காக வாடகைக்கு எடுத்த நீண்ட காலணிகளை அணிந்துகொண்டு சேற்றில் நடந்தோம். தேநீர்க் கடைக்காரர் ஆப்பிள் மரங்களைக் காட்டி, "இவற்றுக்கும் குளிர் வேண்டும். குளிர்காலத்தில் போதுமான குளிர் கிடைக்காவிட்டால் வசந்தத்தில் சரியாகப் பூக்காது" என்றார். சிம்லாவில் தண்ணீர் தெளிக்கும் பெரியவர் மேகம் வேண்டாம் என்கிறார். ஆப்பிள் பயிரிடுவோரோ மேகம் வந்து பனி பொழிய வேண்டும் என்கிறார்கள். ஒரே வானத்திடம் ஒரே ஊரிலிருந்து இரண்டு வேண்டுதல்கள்!

இந்நிலை இங்கு மட்டுமன்று என்று திரும்பும் வழியில் ஆசிரியை கூறினார்கள். 2022-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஏறக்குறைய முழுவதும் எந்திரம் தூவிய பனிமேல்தான் போட்டிகள் நடந்தனவாம். சிவ கேசவன் என்ற வீரரைப் பற்றியும் கூறினார்கள். அவர் தந்தை நம் மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தவர்; தாய் இத்தாலி நாட்டவர். மணாலிக்கு அருகே வளர்ந்த அவர், 1998-இல் தமது 16-ஆம் வயதில் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் பங்கேற்றார். 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் நாட்டுக்காகப் போட்டியிட்டார். பயிற்சிக்குத் தக்க தடம் இல்லாததால், வண்டிக்குச் சக்கரம் பூட்டி, வாகனங்கள் ஓடும் மலைச்சாலையிலேயே பயிற்சி செய்தாராம். ஒரு நாள் மேகம் மறைத்ததற்குக் கலங்கிய நாங்கள் அதைக் கேட்டு வாயடைத்துப் போனோம்.

அன்றிரவு ஒவ்வொருவரும் வீட்டாருடன் தொலைபேசியில் பேச சிஸ்டர் ஏற்பாடு செய்தார்கள். கூடலூர்த் தோழியின் முறை வந்தது. அருகில் நின்ற எங்களுக்கும் அவள் தந்தையின் குரல் கேட்டது. "தாயி, இங்க மூணு நாளா மழை விடல. பழமெல்லாம் வெடிச்சுப் போச்சு. நீ அதெல்லாம் நினைக்காத. போன எடத்த நல்லாப் பாத்துட்டு வா" என்றார். அவள் "சரிப்பா" என்றாள். பிறகு, "கொடிக்கு ஒண்ணும் ஆகலியேப்பா?" என்று கேட்டாள். "கொடி இருக்கு தாயி. கவாத்துப் பண்ணினா மறுபடி வரும்" என்றார் அவர். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

நாங்கள் அவளுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று அறியாமல் நின்றோம். அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தாழ்வாரத்துக்குச் சென்றாள். நாங்களும் பின்னாலேயே சென்றோம். அவள் அண்ணாந்து பார்த்து, "அதோ ஒன்று" என்றாள். மேகத்தின் கிழிசலில் ஒரு நட்சத்திரம் தெரிந்தது. சிறிது நேரத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியாத அளவு. குளிர் முகத்தில் ஊசி போல் குத்தியது. அவள் தந்தை கும்பகோணத் துணிக்கடையிலோ மதுரை அலுவலகத்திலோ வேலை செய்பவராக இருந்திருந்தால், அவளுக்கு வானத்தை இப்படிப் பார்க்கத் தெரிந்திருக்காது என்று எங்களுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் கீழே பள்ளத்தில் அப்பெரியவர் முதல் படலத்தைத் தெளித்துக்கொண்டிருப்பார் என்றும் நினைத்துக்கொண்டோம். நம் ஊரில் முறைத்தண்ணீர் வரும் இரவில் மடை பார்க்கும் பெரியவர்களும் இப்படித்தான் விளக்கை வைத்துக்கொண்டு விழித்திருப்பார்கள்.

31-ஆம் நாள் காலை. வாயில் திறந்திருந்தது! நேற்றைய ஈரத் தரை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கண்ணாடி. அதன்மேல் நான்கு வயதுக் குழந்தை முதல் நரைத்த தலை முதியவர் வரை பறவைகள் போல் மிதந்து சென்றனர். இரும்புத் தகடுகள் பனிக்கட்டியைக் கீறும் 'சர்' என்ற ஓசை இப்போதும் எங்கள் காதில் இருக்கிறது. எங்கள் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

எங்கள் கால் அளவுக்கு வாடகைக் காலணிகள் பதின்மூன்று இணைகள் மட்டுமே கிடைத்தன. ஆகவே பதின்மூவர், பதின்மூவர், அறுவர் என மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழு களத்தில் கால் வைத்த கணத்திலேயே வரிசையாக விழுந்தது. ஒருத்தி விழுந்தாள், அவளைத் தூக்கப் போனவள் விழுந்தாள், இருவரையும் பார்த்துச் சிரித்தவளும் விழுந்தாள். நேற்றுக் கையை விரித்துக் காட்டிய சிறுவர்களில் ஒருவன் வந்து, முழங்காலை மடக்கி, கால்களை வாத்து போல் வெளிப்புறம் திருப்பி நடக்கச் செய்து காட்டினான். பத்து நிமிடத்தில் சிலர் கம்பியை விட்டுவிட்டு நான்கு அடி சென்றனர். அந்த நான்கு அடியில் அவர்கள் உலகையே வென்றுவிட்டார்கள்! இரண்டாம் குழுவும் விழுந்து எழுந்து மகிழ்ந்தது. கரையில் நின்ற இளைய சிஸ்டர் எங்கள் வற்புறுத்தலுக்கு இணங்கி ஓர் அடி வைத்து, உடனே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் குழுவினர் காலணிகளை மாட்டிக்கொண்டிருந்தபோது எதிர் முகட்டில் சூரியன் எட்டிப் பார்த்தான். கண்ணாடியின் ஒரு மூலை பளபளத்தது. பெரியவர் குனிந்து உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து, சீழ்க்கை ஊதிவிட்டார். ஆட்டம் முடிந்தது. இன்னும் ஆடினால் மேல்படலம் குழைந்து, மாலைக்கும் மறுநாளுக்கும் களம் கெட்டுவிடும் என்றார். அந்த அறுவரில் கூடலூர்த் தோழியும் ஒருத்தி. நாங்கள் சிஸ்டரைப் பார்த்தோம். சிஸ்டர் கெஞ்சிக் கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. "அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று கூடலூர்த் தோழியே முதலில் காலணியைக் கழற்றினாள்.

பெரியவர் அவளைப் பார்த்தார். ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த நீண்ட துடைப்பங்களைக் காட்டி ஏதோ சொன்னார். "ஆடிய தூளைப் பெருக்க வேண்டும், வருகிறாயா என்று கேட்கிறார்" என்றார்கள் சிஸ்டர். அறுவரும் சாதாரணக் காலணிகளோடு மெல்ல நடந்து, தகடுகள் கீறிய வெண்துகள்களை ஓரத்துக்குப் பெருக்கித் தள்ளினர். ஆடியவர்களான நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். களம் முழுவதையும் ஓரம் முதல் ஓரம் வரை நடந்து முடித்தவர்கள் எங்கள் குழுவில் அந்த அறுவர் மட்டுமே.

விடைபெறும்போது சிஸ்டர் அவரிடம், "முன்பெல்லாம் எத்தனை நாள் ஆட்டம் நடக்கும்?" என்று கேட்டார்கள். முன்பு குளிர் வந்தால் மாதக்கணக்கில் தொடர்ந்து நடக்குமென்றும், இப்போது ஆட்ட நாள்கள் மிகவும் குறைந்துவிட்டன என்றும், மரங்கள் இருந்த இடத்தில் கட்டடங்களும் வண்டிகளும் பெருகிவிட்டன என்றும் அவர் சொன்னார். "உறையாது என்று தெரிந்த இரவிலும் தெளிப்பீர்களா, தாத்தா?" என்று கூடலூர்த் தோழி தமிழிலேயே கேட்டுவிட்டாள். சிஸ்டர் மொழிபெயர்த்ததும் அவர் சிரித்தார். "தெரியாதே, மகளே. நடு இரவில் வானம் மனம் மாறலாம். அப்போது நான் இங்கே இருக்க வேண்டும் அல்லவா?" என்றார்.

லக்கர் பஜாரில் ஆளுக்கொரு மரப்பொம்மை வாங்கினோம். அவள் மட்டும் தந்தைக்காக ஒரு கைத்தடி வாங்கினாள். "அப்பாவுக்கு இன்னும் தடி ஊன்றும் வயதாகவில்லையே" என்று நாங்கள் கேலி செய்ததற்கு, "பந்தல் கொடியைத் தூக்கிப் பார்க்க உதவும்" என்று பதில் சொன்னாள்.

ஊர் திரும்பியபின் மீதிப் பணத்தைப் பற்றிப் பள்ளியில் யாரும் அவளிடம் பேசவில்லை. மழை நின்றதும் அவள் தந்தை கொடிகளைக் கவாத்துச் செய்தார். விடுமுறை நாள்களில் எங்களுள் சிலர் அங்கே சென்று, புதுத் துளிர் விட்டதையும், பூத்ததையும், பிஞ்சு பிடித்ததையும் பார்த்து வந்தோம். சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலையில், அவர் கூடை நிறையப் பன்னீர்த் திராட்சையோடு பள்ளிக்கு வந்தார். அலுவலகத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்து இரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூடை எங்கள் வகுப்புக்கு வந்தது. சிம்லா ஆப்பிளைவிட அது இனித்தது என்று நாங்கள் முப்பத்திரண்டு பேரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

நாங்கள் பயிலும் இப்பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு ஆண்டு. இரவில் கண் விழித்துப் படிக்கும்போது சலிப்பு வருவதுண்டு. அப்போது எங்களுள் யாராவது ஒருத்தி, "இன்னொரு படலம்" என்பாள். மற்றவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பாடத்தைத் திறப்போம்.

பள்ளித் தங்கைகளே! உங்களுக்கும் இத்தகைய வாய்ப்பு வரும். அப்போது சிம்லாவுக்குச் சென்றால் மாலையிலேயே அந்தக் களத்துக்குச் செல்லுங்கள். காலையில் அங்கே விளையாட்டைக் காணலாம். மாலையில் சென்றால்தான் அதைச் செய்பவரைக் காணலாம்.